பத்துக்கு எத்தனை

மூணேகாலுக்கு மேட்டுப்பாளையம் ஆஸ்பத்திரி வாசலில்
பில்லூர்ப் பக்கத்து ஜீப் நின்றது.
வாழைத்தார்களுக்கு நடுவே
படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தார்கள்.
பேர் மருதி. வயசு பத்தொன்பது.
ஊர் எழுதும் கட்டம் சின்னது;
"மலை" என்று மட்டும் எழுதினார்கள்.

எலும்புக்குள்ளே யாரோ முறுக்குறாங்க என்றான்
அண்ணன் காடன்.
ஊது என்றார்கள் அவனை.
ஊதினான். வாடை இல்லை.

"இந்தச் சனத்துக்கு வலி தாங்கற ஒடம்புங்" என்றார்
இருபது வருசமாக இங்கேயே இருப்பவர்,
பாராட்டுகிற குரலில்.
அதே மூச்சில்,
"ஊசிக்கு நடிப்பாங்க, பாத்துக்க கண்ணு."
இரண்டும் எப்படி ஓருடம்பில் இருக்கும் என்று
நான் கேட்கவில்லை.
நான் ரத்தம் எடுக்கிறவள்.

ஆறுமுகம் என்று நாங்கள் கேலி பேசும் தாள் ஒன்று உண்டு.
சிரிப்பில் தொடங்கி அழுகையில் முடியும் ஆறு முகங்கள்.
வலி பத்துக்கு எத்தனை?
மருதி தாளைப் பார்க்கவில்லை.
கண்ணை மூடிக்கொண்டு
ஒரே ஒரு விரலை நீட்டினாள்.

ஒன்று என்று எழுதினார்கள்.
ஒன்றுக்கு உரியது
இரண்டு மாத்திரையும்
வெளியே சிமெண்ட் பெஞ்சும்.

குனிந்து அவள் கையில் நரம்பு தேடும்போது
காடன் மெல்லச் சொன்னான்:
"ஒண்ணுன்னா கொஞ்சம்னு இல்லீங்க.
காலு வேற கையி வேற இல்லாம
ஒடம்பு பூரா ஒரே வலிங்கறா."

பழைய ஏட்டைப் புரட்டினேன்.
ஆடியில் வந்திருக்கிறாள். ஐப்பசியில் இரண்டு தடவை.
மூன்றிலும் என் கையெழுத்து:
ரத்தம் குறைவு. கீரை சாப்பிடச் சொல்லவும்.
பேர் தெரியாத ஏழெட்டுக் கீரையைக்
காட்டில் கிள்ளித் தின்கிறவளுக்கு
காரமடைச் சந்தையில்
அரைக்கீரைக் கட்டுக்குப் பேரம் பேசுகிற நான்
எழுதிக் கொடுத்தது.

சோதிக்கும் பெட்டி தீர்ந்து எட்டு மாசம்.
படித்த காலத்துப் பழைய வழி ஒன்று நினைவிருந்தது.
ஒரு சொட்டு ரத்தம், ஒரு சொட்டு மருந்து,
மேலே மெல்லிய கண்ணாடி,
ஓரத்தில் காற்றுப் புகாமல் அடைக்க
நகப்பூச்சு.

மாசித் தேர்க்கடையில் வாங்கிய ரோஸ் நிறம்
பையின் அடியில் கிடந்தது.
விரலுக்குப் பூசுவதைவிடக் கவனமாகப் பூசினேன்.
அடைத்தால் உள்ளே மூச்சு தீரும்.
மூச்சு முட்டும்போதுதான்
அவை தம் வளைவைக் காட்டும்.

பால்வண்டி போகும் சத்தம் கேட்டபோது பார்த்தேன்.
வட்டமாய் இருந்தவை
சோளத்தட்டு அறுக்கும் கருக்கருவா மாதிரி
கூனிக்கொண்டு கிடந்தன.
ஒரு சொட்டில் இத்தனை அருவா.
இவள் உடம்பு பூரா எத்தனை சொட்டு.

டாக்டரை எழுப்பினேன்.
நல்ல மனிதர். செருப்புப் போடாமல் வந்தார்.
வெகுநேரம் குழாயில் கண்ணை வைத்திருந்துவிட்டு
"அந்த ஊர்ல எல்லாருக்கும் எப்பவோ எடுத்திருக்கணும்" என்றார்.
எடுத்திருக்கணும்.
யார் என்பதே வராமல்
தமிழில் ஒரு வாக்கியம் முடிந்துவிடும்.

பெஞ்சிலிருந்து கட்டிலுக்கு வந்தாள்.
பாட்டில் ஏறியது. நிஜமான ஊசி, கம்பளி.
வாழைமண்டிக்கு நேரமாச்சென்று
ஜீப்பு போய்விட்டது.
ஏழு மணிக்கு மருதி தூங்கினாள்,
முறுக்கிய கால் தானாக நீண்டது.

காடன் போகாமல் நின்றான்.
பிறகு அவனும் ஒற்றை விரலை நீட்டினான்.
"எனக்கும் பாருங்க. ஊட்டுல கைக்கொழந்தை இருக்குது."

பூச்சு அடியில் காய்ந்திருந்தது.
இரண்டு சொட்டு ஸ்பிரிட் விட்டுக் குலுக்கினேன்.
புதுச் சீட்டு எடுத்து
ஊர் என்னங்க என்றேன்.
நீரடிச்சான் பதி என்றான்.
கட்டத்துக்குள் "நீரடி" வரைதான் அடங்கியது.
மிச்சத்தை ஓரத்தில் ஏற்றி,
கோட்டுக்கு வெளியே,
எழுதி முடித்தேன்.